கையில் இல்லாத காரணம்

"அவங்க வாயாலயே சொல்லட்டும் சார். வேலைய எதுக்கும்மா விட்டீங்க?" என்று ஆடிட்டர் ஞானதாஸ் சார் என்னைப் பார்த்துக் கேட்டார். கேட்டு முடிக்கவும் அவருடைய போன் அடித்தது. பேரைப் பார்த்ததும் இதை எடுக்காமல் இருக்க முடியாது என்பதுபோல முகத்தைச் சுருக்கி, "ரெண்டு நிமிசம் பொறுத்துக்கிடுங்க, இந்த ரூம்ல சிக்னல் கெடையாது" என்று பால்கனிக் கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே போனார். கதவு திறந்த நேரத்துக்கு மழைச் சத்தமும் கீழே சிப்ஸ் கடையில் தேங்காயெண்ணெய் கொதிக்கும் வாசனையும் உள்ளே வந்தன. கதவு மூடியதும் சத்தம் போய்விட்டது, வாசனை மட்டும் நின்றுகொண்டது. பதில் சொல்ல வாயைத் திறந்திருந்தேன் என்று நினைக்கிறேன். மூடிக்கொண்டேன். பக்கத்து நாற்காலியில் இவர், என் வீட்டுக்காரர், உட்கார்ந்திருக்கிறார். இவருடைய முழங்கால் ஆடிக்கொண்டே இருக்கிறது, அது மேசைக்காலில் பட்டு, மேசைமேல் இருக்கிற தண்ணீர் டம்ளரில் வட்டம் வட்டமாகத் தெரிகிறது. வேலையை எதற்கு விட்டேன். சின்னக் கேள்விதான். நாகர்கோவிலுக்கு வந்த நாளிலிருந்து எத்தனை பேர் கேட்டிருக்கிறார்கள், பால்காரம்மா கேட்டாள், மாடி வீட்டு ஸ்டெல்லா அக்கா கேட்டார், கோயம்புத்தூரிலிருந்து போன் செய்கிற பழைய சிநேகிதிகள் எல்லோரும் கேட்டார்கள். இவருக்கு மாற்றல் ஆயிடுச்சு, அதனால விட்டுட்டேன் என்று சிரித்துக்கொண்டே சொல்லியிருக்கிறேன். சொல்லச் சொல்ல அது பழகிப்போய், வீட்டு விலாசம் சொல்கிற மாதிரி வாயிலிருந்து தானாக வரும். இன்றைக்கு வரவில்லை. ஏனென்றால் இவர் எனக்கு முந்திக்கொண்டு வேறொன்றைச் சொல்லிவிட்டார். "அவங்களுக்கு உடம்பு சரியில்லாமப் போயிருச்சுங்க சார், அதான் விட வேண்டியதாயிருச்சு" என்று. தயக்கமே இல்லாமல் சொன்னார். மருந்துக் கம்பெனிக்காக டாக்டர்கள் முன்னால் மாத்திரையின் குணங்களைச் சொல்லிப் பழகிய அதே குரல். எனக்கு உடம்பு சரியில்லாமல் போனது எனக்கே அப்போதுதான் தெரிந்தது.

காலையில் கிளம்பும்போது நான் சந்தோஷமாகத்தான் கிளம்பினேன். வேலையை விடும்வரை பிடித்த வருமான வரி கொஞ்சம் கூடுதலாகப் பிடித்திருக்கிறது, கணக்குத் தாக்கல் செய்தால் திரும்பி வரும், வந்தால் அதை வைத்துப் புது டிசைன் சாஃப்ட்வேர் ஒன்று கற்றுக்கொள்ளலாம் என்று ஒரு கணக்குப் போட்டு வைத்திருந்தேன். பம்பு கம்பெனியில் நான் டிசைன் எஞ்சினியர். இருந்தேன். தண்ணீரை உள்ளே இழுத்து வெளியே தள்ளுகிற சக்கரம் இருக்கிறதே, அதன் வளைவுகளை வரைவதுதான் என் வேலை. வளைவு மயிரிழை மாறினாலும் பம்பு இரையும், தண்ணீர் குறையும். கம்ப்யூட்டரில் அந்த வளைவைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு மதியச் சாப்பாட்டை மறந்த நாட்கள் உண்டு. ரிட்டர்ன் போட வேண்டும் என்று ஜூன் மாதத்திலிருந்து இவரிடம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். நானே போன்ல பண்ணிர்றேன் என்றார். சம்பளத்த மட்டும் காட்டுனாப் போதும், அதுக்கெல்லாம் ஆடிட்டரா என்றார். அப்புறம் இன்றைக்கு நாளைக்கு என்றார். வரித்துறையிலிருந்து எனக்கு ஒரு மெசேஜ் வந்தது, உங்கள் வருமான விவரங்கள் எங்களிடம் உள்ளன, தாக்கல் செய்யவும் என்று. அதைக் காட்டினேன், அதெல்லாம் எல்லாத்துக்கும் வரும் என்றார். கடைசியில் ஸ்டெல்லா அக்காதான் இந்த ஞானதாஸ் சாரைச் சொன்னார், நல்ல மனுசன், அதிகம் வாங்க மாட்டார் என்று. நான் தனியாகப் போய் வருகிறேன் என்று சொன்னதும் இவர் லீவு போட்டார். "நானும் வரேன், அவரு பேசற தமிழ் உனக்கு வெளங்காது" என்றார். எனக்கு ஒரு மாதிரி குளிர்ந்துபோயிற்று. பாவம், எனக்காக லீவு போடுகிறாரே என்று காலையில் இரண்டு தோசை கூட ஊற்றினேன். அந்தத் தோசைகளை நினைத்தால் இப்போது எனக்கு எரிகிறது. நான் தனியாக வந்துவிடக் கூடாது என்றுதான் கூட வந்திருக்கிறார்.

பான் நம்பரைப் போட்டுத் திரையைப் பார்த்துக்கொண்டிருந்த ஞானதாஸ் சார், "பி.எஃப். எடுத்திருக்கீங்கல்லா, அதச் சொல்லவேயில்லையே" என்றார். நான் சிரித்தேன். "இல்லீங்க சார், அது அப்படியேதானுங்க கெடக்குது. நான் தொடவே இல்ல." அவர் திரையை என் பக்கம் திருப்பினார். என் பெயர், என் பான், ஜனவரி மாதம். அஞ்சு வருஷம் முடியாமல் எடுத்த வைப்பு நிதி என்று, அதற்குப் பத்து சதவீதம் வரி பிடித்திருக்கிறார்கள் என்று. "ஆபீஸ்ல இருந்து பணம் குடுக்கும்போதே வரியப் புடிச்சி, உங்க பேருல அரசாங்கத்துக்குக் கட்டி, இன்னாருக்கு இவ்வளவு குடுத்தோம்னு எழுதி வச்சிருவாங்கம்மா. மறைக்க முடியாது" என்று அவர் சாதாரணமாகச் சொன்னார். நான் அந்த எழுத்துக்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வேறு யாராவது சுகந்தியாக இருக்கும் என்று ஒரு நொடி. பிறகு இவர் பக்கம் திரும்பினேன், இதென்னங்க என்று கேட்கத்தான், நிஜமாகவே உதவிக்குத்தான். இவர் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார். இவர் என்னைப் பார்த்திருந்தால் ஒருவேளை எனக்குத் தெரிந்திருக்காது. காலண்டரைப் பார்த்ததால் தெரிந்துவிட்டது. அந்தச் சமயத்தில் ஞானதாஸ் சார் பாட்டுக்கு விளக்கிக்கொண்டிருந்தார். அஞ்சு வருஷம் தொடர்ச்சியாக வேலை பார்த்திருந்தால் ஒரு பைசா வரி கிடையாது. வேறு கம்பெனியில் சேர்ந்து பழைய கணக்கை அங்கே மாற்றியிருந்தாலும் அந்த வருஷங்கள் கூடவே வந்திருக்கும், அறுந்திருக்காது. எடுத்ததால் அறுந்துவிட்டது. இப்போது கம்பெனி போட்ட பங்கும் அதன் வட்டியும் சம்பளம் மாதிரி என் வருமானத்தில் சேரும், என் பங்கின் வட்டி தனியாகச் சேரும், என் பங்குக்கு நான் முன்னே வரிச்சலுகை வாங்கியிருந்தால் அதையும் பார்க்க வேண்டும். "பிடிச்ச பத்து பர்சென்ட் போதாது, மேலயும் கட்ட வேண்டி வரும் போலிருக்கு. ஒரே ஒரு வழி இருக்கு. உடம்பு முடியாம வேலைய விட்டிருந்தாலோ, கம்பெனியவே மூடியிருந்தாலோ, அதாவது நம்ம கையில இல்லாத காரணமா இருந்தா, வரி கெடையாது. வேலைய எதுக்கு விட்டீங்க, அதாக்கும் கேக்கேன்." அப்போதுதான் இவர் காலண்டரிலிருந்து திரும்பி எனக்கு வியாதி கொடுத்தார்.

ஜனவரி. பொங்கல் முடிந்து ஒரு நாள். எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டுத் தலையில் துண்டோடு நிற்கிறேன். வாசலில் வெயில். இவர் ஹாலில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு, "சுகந்தி, உம் போனுக்கு ஒரு ஓடிபி வரும் பாரு, படி" என்றார். எதுக்குங்க என்று கேட்டேனா? கேட்டேன். கேட்டேன் என்றுதான் நினைக்கிறேன். "ஆதார்ல அட்ரஸ் மாத்தோணும்ல, கோயம்புத்தூர் அட்ரஸே இருக்குது" என்றார். அந்த மெசேஜில் இன்ன காரியத்துக்கு என்று எழுதியிருந்திருக்கும், யாரிடமும் சொல்லாதீர்கள் என்றும் எழுதியிருந்திருக்கும். நான் எண்களை மட்டும் பார்த்தேன். கண்ணாடி எங்கேயோ இருந்தது, போனைத் தூரமாகப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு எண்ணாக, நிதானமாக, தப்பாகிவிடக் கூடாது என்று இரண்டு தடவை படித்தேன். இவர் "ம், ம்" என்று தட்டிக்கொண்டார். "ஆச்சு" என்றார். நான் தலையைத் துவட்டப் போய்விட்டேன். ட்ராயிங்கில் ஒரு கோடு தள்ளியிருந்தால் தூரத்திலிருந்தே கண்டுபிடிக்கிறவள் என்று என் மேனேஜர் சொல்வார். என் நாலரை வருஷத்தை என் வாயாலேயே, தலை ஈரத்தோடு, சிரித்த முகத்தோடு வாசித்துக் கொடுத்திருக்கிறேன். பணம் எங்கே வந்திருக்கும்? இருவர் பேரிலும் இருக்கிற அந்தக் கணக்குக்குத்தான், அதில்தான் என் சம்பளமும் வந்துகொண்டிருந்தது, வேலையை விட்ட பிறகு அதை நான் திறந்து பார்ப்பதில்லை. அதன் மெசேஜெல்லாம் இவர் போனுக்குத்தான் போகும். ஜனவரிக்கு அடுத்தது பிப்ரவரி. பிப்ரவரியில் கார் வந்தது. இன்சென்டிவ் வந்திருக்கிறது, முன்பணம் கட்டிவிட்டேன் என்று வீட்டு வாசலில் வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தி ஹாரன் அடித்தார். சாம்பல் கலர். நான் ஓடிப்போய் அதன் மூக்கில் சந்தனம் வைத்தேன், குங்குமம் வைத்தேன், நான்கு சக்கரத்துக்கு அடியிலும் எலுமிச்சம்பழம் வைத்தேன். பிள்ளையார் கோயில் முன்னால் இவர் கையைப் பிடித்து, இத்தனை கஷ்டப்பட்டு எனக்காக வாங்கியிருக்கீங்களே என்று அழுதேன். அப்போது இவர் என்ன செய்தார்? என் தலையைத் தடவிக் கொடுத்தார். பணத்தை எடுத்ததைக்கூட ஏதாவது அவசரம் என்று என்னால் நினைத்துக்கொள்ள முடியும். அந்தத் தடவலை எங்கே கொண்டுபோய் வைப்பது.

"ஏனுங்க" என்றேன். என் குரல் எனக்கே மெல்லியதாகக் கேட்டது. அடுத்த அறையில் ஞானதாஸ் சாரிடம் வேலை பார்க்கிற பெண் ஏதோ டைப் செய்துகொண்டிருந்தாள். "கார் அந்தப் பணத்துலங்களா?"

"முன்பணம் மட்டுந்தான். மிச்சம் லோனு. மாசாமாசம் நாந்தான கட்டறேன்."

"இன்சென்டிவ்னு சொன்னீங்க."

"அதுவும் வந்துச்சு. வேற செலவுல போயிருச்சு. இப்ப எதுக்கு இதெல்லாம், அவரு வந்துருவாரு."

"எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமுங்க."

இவர் முதல்தடவையாக என் முகத்தைப் பார்த்தார். "கேட்டா குடுத்திருப்பயா?"

யோசித்தேன். இந்த நிலைமையிலும் நான் யோசித்தேன், சரியான பதில் சொல்ல வேண்டும் என்று. "மாட்டேனுங்க" என்றேன்.

"அதுக்குத்தான் கேக்கல" என்றார். ஏதோ எனக்குப் புரியவைத்துவிட்ட மாதிரி மூச்சு விட்டார். பிறகு நாற்காலியை இழுத்துப் பக்கத்தில் வந்து, "இங்க பாரு, ஆமான்னு ஒரு வார்த்தை சொன்னாப் போதும். சர்டிபிகேட்டெல்லாம் நான் பாத்துக்கறேன். எனக்குத் தெரிஞ்ச டாக்டர் இருக்காரு, பழைய தேதி போட்டே வாங்கிரலாம். டிப்ரஷன்னு போட்டுக்கலாம். அதுக்கு ஸ்கேனு, ரத்த டெஸ்ட்டு ஒண்ணும் கேக்க மாட்டாங்க. கட்டுன வரியும் திரும்பி வந்துரும்" என்றார்.

"இத எப்ப யோசிச்சீங்க?"

"எத?"

"இந்த வியாதிய."

முழங்கால் மறுபடி ஆடத் தொடங்கியது. "கார் யாருக்கு?" என்றார் கொஞ்சம் கழித்து, ரொம்பவும் நியாயமாக, "உன்னையத்தானே முன் சீட்டுல உக்கார வெச்சுக் கூட்டிட்டுப் போறேன்."

பால்கனிக் கதவின் கண்ணாடிக்கு வெளியே ஞானதாஸ் சார் ஒரு கையால் காதைப் பொத்திக்கொண்டு மழையோடு போட்டி போட்டுப் பேசிக்கொண்டிருக்கிறார். அவர் வரக் கூடாது என்று தோன்றுகிறது, உடனே வந்துவிட வேண்டும் என்றும் தோன்றுகிறது. கேட்டால் குடுத்திருப்பாயா. மாட்டேன் என்று இவனுக்குத் தெரிந்திருக்கிறது. ஏன் மாட்டேன் என்பதும் தெரியும். அதை நானே சொல்லியிருக்கிறேன், கல்யாணத்துக்குப் பிறகு வேலையில் சேர்ந்த புதிதில், உடுமலையில் இவன் வீட்டு மொட்டை மாடியில் வடகம் காய்ந்துகொண்டிருந்தபோது. என் அப்பா வேலை பார்த்த மில்லை ஒருநாள் காலையில் போனபோது பூட்டியிருந்தார்கள். ஷிப்டுச் சங்கு ஊதவில்லை என்று அப்பா சொல்லிக்கொண்டே இருந்தார், யாரோ செத்ததைச் சொல்வது மாதிரி. சம்பளம் நின்றது, போனஸ் நின்றது, பாக்கி எல்லாம் கோர்ட்டுக்குப் போயிற்று. அப்பாவுக்குக் கையில் வந்தது பி.எஃப். ஒன்றுதான். பத்தொன்பது வருஷம் பஞ்சுத் தூசியில் நின்று இருமினதுக்கு அது. அதை அப்படியே கொண்டுபோய் எனக்கு எஞ்சினியரிங் காலேஜில் கட்டினார். அதனால் எனக்கு அது வெறும் பணம் இல்லைங்க, சம்பளத்தில் அந்தப் பிடித்தத்தைப் பார்க்கும்போதெல்லாம் அப்பா தெரிவார் என்று சொன்னேன். இவன் அன்றைக்கு என் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டான். நல்ல கதை கேட்கிறவன் மாதிரி கேட்டான். தெரிந்துதான் செய்திருக்கிறான். தெரியாமல் செய்திருந்தால் இப்படி வலிக்காது. எப்போதிலிருந்து இவரை இவன் என்று நினைக்க ஆரம்பித்தேன்? கல்யாணமாகி ஆறு வருஷத்தில் மனசுக்குள்ளேகூட ஒருநாளும் அப்படி வந்ததில்லை. கோபத்தில்கூட இவர்தான், காய்ச்சலில் உளறியபோதுகூட இவர்தானாம், இவனே சொல்லிச் சிரித்திருக்கிறான். இப்போது ஒரு எழுத்து தானாகக் கழன்று விழுந்துவிட்டது. திரும்ப எடுத்து மாட்டிப் பார்க்கிறேன். இவர். பொருந்தவில்லை.

அப்பாவுக்கு அது கையில் இல்லாத காரணம். மில்லை மூடினார்கள், அப்பா என்ன செய்வார். சட்டத்துக்கே தெரிந்திருக்கிறது, அதற்கு வரி இல்லை என்று எழுதி வைத்திருக்கிறது. என் காரணம் யார் கையில் இருந்தது? நன்றாக ஞாபகம் இருக்கிறது, போன புரட்டாசி, நான் சட்னிக்குத் தாளித்துக்கொண்டிருந்தேன். இவன் சமையலறை வாசலில் சாய்ந்து நின்று, ஏரியா மேனேஜர் போஸ்ட், நாகர்கோவில் என்றான். முகம் அப்படி மலர்ந்திருந்தது. எனக்கும் மலர்ந்தது. நீங்க போயிட்டு வாங்க, நான் இங்க இருக்கேன், வாரா வாரம் வந்துட்டுப் போங்க என்றேன். மலர்ந்த முகம் அப்படியே கூம்பிப்போயிற்று. அதைப் பார்க்க எனக்குச் சகிக்கவில்லை. இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை இவன். சண்டை போடவில்லை, அதட்டவில்லை, வேலையை விடு என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. "உன்ன விட்டுட்டு அங்க நான் என்ன பண்ணுவேன், ரெண்டே வருசம், அப்புறம் திரும்பி வந்தரலாம், உனக்கு அனுபவம் இருக்குது, எவனும் எடுத்துக்குவான்" என்றான். நான் தயங்கியபோது இவன்தான் சொன்னான், இவனே, இவன் வாயாலேயே, "உம் பி.எஃப். அப்படியே கெடக்கட்டும், தொட வேண்டாம். திரும்பச் சேரும்போது அங்க மாத்திக்கலாம்." அந்த ஒரு வார்த்தையில்தான் நான் இறங்கினேன். அது அங்கே கிடக்கிறவரைக்கும் நான் வேலையை விடவில்லை, சும்மா எழுந்து தண்ணீர் குடிக்கப் போயிருக்கிறேன், நாற்காலி அங்கேயே இருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். இந்தப் புது ஊரில் பகலெல்லாம் தனியாக உட்கார்ந்திருக்கும்போது, காற்று ஜன்னலை அடித்துக்கொண்டே இருக்கிற மத்தியானங்களில், எனக்கு அதுதான் தைரியம். போன மாதம்கூடக் கேட்டேன், எப்பத் தேடலாமுங்க வேலை என்று. "அடுத்த தை வரட்டும், பாக்கலாம்" என்றான். கணக்கை மூடி, அந்தப் பணத்தில் வாங்கின வண்டியில் என்னைக் கன்னியாகுமரிக்குக் கூட்டிக்கொண்டு போய், கடலைப் பார்த்து நின்றுகொண்டு, அடுத்த தை என்றான். நான் வேலையில்லாமல் இருந்தால்தான் அந்தப் பணத்தை எடுக்க முடியும். எடுத்தபோதே முடிவு செய்துவிட்டான், இவள் இனி வேலைக்குப் போகமாட்டாள் என்று. என்னிடம் சொல்ல மட்டும் மறந்துவிட்டான். இல்லை, மறக்கவில்லை.

ஆமாம் என்று சொல்லிவிட்டால் என்ன? ஒரு வார்த்தை. பணம் திரும்பி வரும், ஞானதாஸ் சார் நல்லபடியாக முடித்துக் கொடுப்பார், கீழே இறங்கிச் சூடாகச் சிப்ஸ் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போகலாம். இவன் இரண்டு நாள் நல்லபிள்ளையாக இருப்பான். அம்மாவிடம் சொல்ல வேண்டியதில்லை. அம்மாவிடம் சொன்னால் அவள் என்ன சொல்வாள் என்று தெரியும், காரு வூட்டுக்குத்தான கண்ணு, வெளியவா குடுத்துட்டாரு என்பாள். எல்லாரும் அதைத்தான் சொல்வார்கள். குடிக்கவில்லை, சீட்டாடவில்லை, வேறு பெண்ணுக்குக் கொடுக்கவில்லை. இதைத் துரோகம் என்று சொன்னால் சிரிப்பார்கள். சொல்ல ஒரு காயம் இல்லாமல் வலிக்கிறது. ஆனால் அந்தச் சர்டிபிகேட். அதில் என் பெயர் இருக்கும். பழைய தேதியில், நான் மும்முரமாக வேலை பார்த்துக்கொண்டிருந்த தேதியில், எனக்கு மனசு சரியில்லை என்று ஒரு டாக்டர் கையெழுத்துப் போட்டிருப்பார். நாளைக்கு எந்தக் கம்பெனியிலாவது கேட்டால்? நாளைக்கு நான் ஏதாவது குரலை உயர்த்தினால், இவனே அதை எடுத்து நீட்டினால்? சீ, அப்படிச் செய்யமாட்டான் என்று நினைக்கிறேன். ஜனவரியில் இதையும்தான் செய்யமாட்டான் என்று நினைத்திருப்பேன். என் உடம்பு நன்றாக இருந்தது. அந்த வருஷம் நான் வரைந்த சக்கரம் ஒன்று முதல் சோதனையிலேயே தேறியது, மேனேஜர் எல்லோருக்கும் ஜிலேபி வாங்கிக் கொடுத்தார். அதற்கு முன்னால் நான் அவ்வளவு நன்றாக இருந்ததே இல்லை. அதையும் இவனுக்குக் கொடுக்க வேண்டுமா? பணம் போய்விட்டது, சரி. நன்றாக இருந்தேன் என்பதையும் எடுத்துக்கொண்டு போவானா?

கதவு திறந்தது. மழை வந்தது, கூடவே ஞானதாஸ் சார். "மன்னிச்சுக்கிடுங்க, ஒரு பார்ட்டிக்கு நோட்டீஸ் வந்திருக்கு, பயந்துபோய்ப் பேசுதாரு" என்று நனைந்த சட்டைக் கையைத் தட்டிவிட்டு உட்கார்ந்தார். "ஆங். சொல்லுங்கம்மா. சார் உடம்பு சரியில்லன்னு சொன்னாரு. ஆஸ்பத்திரிச் சீட்டு எதுவும் இருக்குமா?"

"இருக்குதுங்க சார், வீட்டுல இருக்குது, நாளைக்குக் கொண்டாறேன்" என்றான் இவன்.

"உடம்புக்கு ஒண்ணுமில்லீங்க சார்" என்றேன் நான். இரண்டு பேச்சும் ஒரே நேரத்தில் வந்து முட்டிக்கொண்டன. ஞானதாஸ் சார் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். நான் நிறுத்தவில்லை, நிறுத்தினால் திரும்ப வராது என்று தெரியும். "நல்லாத்தான் இருந்தேன். இவருக்கு இங்க மாத்தலாச்சு. ரெண்டு வருசத்துல திரும்பிப் போயரலாம், பி.எஃப். அப்படியே கெடக்கட்டும்னு சொன்னாரு. நம்பி வேலைய விட்டேன். அதாங்க காரணம். இந்தப் பணத்த எடுத்தது நான் இல்ல. எடுத்ததே இன்னைக்கு உங்ககிட்ட வந்துதான் தெரியும்."

டைப் அடிக்கிற சத்தம் அடுத்த அறையில் நின்றுவிட்டது. இவன் "சுகந்தி" என்றான், பல்லுக்குள்ளே.

ஞானதாஸ் சார் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். எத்தனை புருஷன் பெண்டாட்டிகளைப் பார்த்திருப்பாரோ இந்த மேசைக்கு முன்னால். குரலைத் தணித்து, "நீங்க எடுக்கலன்னா அது வேற விசயமாக்கும்மா. புகார் குடுக்கதா இருந்தா அதுக்கு வேற வழி இருக்கு" என்றார். ஆடிக்கொண்டிருந்த முழங்கால் நின்றுபோயிற்று. டம்ளரில் தண்ணீர் அசையாமல் இருந்தது. நான் அதைப் பார்த்தேன். இவ்வளவு நேரத்தில் முதன்முதலாக இவன் என் வாயை எதிர்பார்த்துக் காத்திருக்கிறான். அது சந்தோஷமாக இருந்தது என்றால் பொய். சோர்வாக இருந்தது.

"இன்னைக்கு ரிட்டர்ன் மட்டும் போடுங்க சார்" என்றேன். "எம் பேருல எடுத்திருக்குது, வரியும் எம் பேருலதான வரும்?"

"ஆமாம்மா. பான் யாருதோ அவங்க தலையிலதான். யாரு செலவழிச்சான்னு டிப்பார்ட்மென்டு கேக்காது."

"அப்ப முழுசாக் காட்டிருங்க. ஒண்ணும் விட வேண்டாம்."

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு தட்ட ஆரம்பித்தார். சம்பளம், கம்பெனிப் பங்கு, வட்டி என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே போட்டார். எனக்குத் திரும்பி வரவேண்டியது அதில் கரைந்து போனதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கடைசியில் கட்ட வேண்டியது என்று ஒரு தொகை மேலே நின்றது. சாஃப்ட்வேர் படிப்பு அங்கே போயிற்று. "இதக் கட்டிட்டுத்தான் அனுப்பணும். இப்பமே கட்டுதீங்களா?"

"இவரு கட்டுவாருங்க" என்றேன்.

சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தான். விரல் இரண்டு தடவை தப்பாக அழுத்தியது. "உனக்கோசரந்தான் பண்ணுனேன்" என்று போனைப் பார்த்துக்கொண்டே சொன்னான், ஞானதாஸ் சார் இருக்கிறார் என்பதைக்கூட நினைக்காமல். குரலில் நடிப்பே இல்லை. அதுதான் என்னைப் பயமுறுத்தியது. இவன் பொய் சொல்லவில்லை. நிஜமாகவே அப்படித்தான் நினைத்திருக்கிறான், எல்லாவற்றையும் எனக்காகத்தான், நான் இல்லாமலேயே. இனி எத்தனை பேசினாலும் இந்த இடத்தில் வந்து முட்டிக்கொண்டு நிற்கும். எனக்கு அழுகை வரும் என்று நினைத்தேன். வரவில்லை.

பணம் போன சத்தம் கேட்டது. ஞானதாஸ் சார் பிரிண்ட் கொடுத்துவிட்டு, அந்தப் பெண்ணைக் கூப்பிட்டு எடுத்துவரச் சொன்னார். காத்திருக்கிற நேரத்தில் நான் கேட்டேன், "சார், நான் திரும்ப வேலைக்குச் சேந்தா, அந்த நாலர வருசமும் கூடச் சேருமுங்களா?"

"சேராதும்மா" என்றார் வருத்தமாக. "எடுத்தாச்சுல்லா. உங்க நம்பர் அதேதான் இருக்கும், கணக்கு புதுசா ஆரம்பிக்கும். அஞ்சு வருசம் மொதல்ல இருந்து எண்ணணும்."

"சரிங்க சார். மொதல்ல இருந்தே எண்ணிக்கறேன்."

இவன் சட்டென்று திரும்பினான். நாற்காலி கிரீச்சிட்டது. நான் போவேனா என்று இவன் கேட்கவில்லை. "எங்க சேரப் போற?" என்றுதான் கேட்டான். எனக்கே தெரியாது. கோயம்புத்தூரா, வேறெங்காவதா, யார் எடுப்பார்கள், எங்கே தங்குவது, ஒன்றும் தெரியாது. ஆனால் தெரியாது என்று இவனிடம் சொல்லவில்லை.

"சேந்ததுக்கப்புறம் சொல்றனுங்க" என்றேன்.